வேலியில்லா வாசல்: அமெரிக்கச் சரிவுகளில் புல் ஏறிய கதை

அமெரிக்கப் புறநகர்த் தெரு ஒன்றின் படத்தைப் பார்த்தால் வீடுகளைவிட முதலில் கண்ணில் படுவது அவற்றுக்கு முன்னால் கிடக்கும் வெறுமைதான். மதில் இல்லை, வேலி இல்லை, வெளிவாசல் கதவு இல்லை. நடைபாதை ஓரத்தில் தொடங்கும் புல், அடுத்த வீட்டுப் புல்லோடு கலந்து தெருமுனைவரை ஒரே பரப்பாகப் போகிறது. நிலம் சமமாக இருக்கும்வரை இதைப் பார்ப்பவருக்குக் கேள்வி எதுவும் எழாது. வீடு மேட்டிலும் தெரு பள்ளத்திலுமாக இருக்கும் மனைகளில்தான் இந்த ஏற்பாட்டின் விசித்திரம் தெரியவரும். அங்கே நாற்காலி போட்டு உட்கார முடியாது, பிள்ளைகள் பந்தாட முடியாது. தெளிக்கிற தண்ணீர் வேருக்கு இறங்குவதற்குள் தெருச் சாக்கடைக்கு ஓடிவிடும். மூன்றடி நீளத்துக்கு ஓரடிக்கு மேல் உயரும் சரிவில் புல்வெட்டும் எந்திரத்தை ஓட்டுவதே ஆபத்து என்று தோட்டக்கலை வழிகாட்டிகள் எச்சரிக்கின்றன. இவ்வளவு இருந்தும் அந்தச் சரிவிலும் புல்தான். யாருக்கும் பயன்படாத இடத்தில், வளர்க்கவே சிரமமான ஒன்றை, ஒரு நாடு முழுவதும் ஏன் வளர்த்தார்கள்? ரசனை என்பது வழக்கமான பதில். ஆனால் வரலாற்றைப் பார்த்தால் ரசனை கடைசியாகத்தான் வந்து சேர்கிறது. அதற்கு முன்பே கால்நடைச் சட்டம், ஓர் எந்திரம், மனைப் பத்திரத்தின் நிபந்தனைகள், ஒரு நீதிமன்றத் தீர்ப்பு எல்லாம் வந்துவிட்டன.

இந்த வழக்கம் வருவதற்கு முன் அதே நாட்டில் சரிவை என்ன செய்தார்கள் என்பதிலிருந்து தொடங்குவதே முறை. 18ஆம் நூற்றாண்டு வர்ஜீனியாவிலும் மேரிலாந்திலும் வசதி படைத்தவர்கள் சரிவைச் சரிவாக விட்டுவைக்கவில்லை. அதை வெட்டிப் படிப்படியாக இறங்கும் தளங்களாக்கினார்கள். ஜேம்ஸ் ஆற்றங்கரையில் 1750களில் கட்டப்பட்ட கார்ட்டர்ஸ் குரோவ் மாளிகையின் தோட்டம் அப்படித்தான் ஆற்றை நோக்கி இறங்கியது. அன்று ஆறுதான் நெடுஞ்சாலை. விருந்தாளியும் சரக்கும் படகில் வந்ததால் ஆற்றுப் பக்கமும் வீட்டின் முகப்பாக இருந்தது. அன்னபோலிஸ் நகரில் வில்லியம் பாக்கா 1763க்கும் 1765க்கும் இடையில் கட்டிய வீடு தெருவை ஒட்டியே நின்றது. சரிவு பின்பக்கம் இருந்தது. இரண்டு ஏக்கர் அளவுள்ள அந்தச் சரிவைத் தளங்களாக வெட்டி, மேலே ஒழுங்கான பாத்திகளும் கீழே குளமும் அதன்மேல் பாலமுமாக அவர் அமைத்தார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு ஓட்டல் வந்து அந்தத் தோட்டத்தை மண்ணுக்குள் புதைத்தது. ஓட்டலை 1965இல் இடித்த பிறகு அகழாய்வாளர்கள் தோண்டிப் பார்த்தபோது தளங்களின் விளிம்புகள் கிடைத்தன. சார்லஸ் வில்சன் பீல் வரைந்த பாக்காவின் உருவப்படத்தில் பின்னணியாகத் தெரியும் தோட்டமும் மறுசீரமைப்புக்குச் சான்றாகியது.

அந்தத் தளங்களின் அளவுகளை வைத்து 1984இல் அகழாய்வாளர் மார்க் லியோன் ஒரு வாதத்தை முன்வைத்தார். தூரத்தைக் கூட்டிக் காட்டும்படி தளங்கள் கணக்கிட்டு வெட்டப்பட்டிருக்கின்றன, இயற்கையே தன் சொல் கேட்கிறது என்று காட்டிச் சமூக அதிகாரத்தை நியாயப்படுத்துவதே அதன் உள்நோக்கம் என்றார் அவர். அந்தத் தோட்டத்தை அடிமைகளும் ஏழைகளும் அதே கண்ணோடு பார்த்தார்கள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று பலர் எதிர்க்கேள்வி கேட்டார்கள். கேள்வி நியாயமானது. மண்ணை வெட்டிச் சுமந்தவருக்கு அங்கே தெரிந்தது முதுகுவலியாகத்தான் இருக்கும். ஆனால் என் வாதத்துக்கு லியோன் சொல்வது முழுக்க உண்மையாக இருக்க வேண்டியதில்லை. அன்றைய செல்வர் சரிவைச் செலவழித்துத் திருத்த வேண்டிய ஒன்றாகக் கருதினார் என்பது போதும். தாமஸ் ஜெஃபர்சன் மான்டிசெல்லோ குன்றின் தெற்குச் சரிவில் 1,000 அடி நீளமும் 80 அடி அகலமும் கொண்ட காய்கறித் தளத்தை வெட்டுவித்தார். அதைத் தாங்கிய கற்சுவர் சில இடங்களில் ஆள் உயரத்தைத் தாண்டியது. வெட்டியவர்கள் அடிமைப்படுத்தப்பட்ட தொழிலாளர்கள். சரிவைப் பயன்படும் நிலமாக்க ஆள்பலம் தேவைப்பட்டது, அந்த ஆள்பலம் கூலியில்லாமல் பறிக்கப்பட்டது. அக்காலத் தளத்தோட்டங்களின் அழகைப் பேசும்போது இதை அடிக்குறிப்பாக ஒதுக்கிவிட முடியாது.

எளியவர்கள் தோட்டத்தில் புல்லைத் தேடினால் அங்கேயும் கிடைப்பதில்லை. நியூ இங்கிலாந்து கிராமங்களில் வாசலுக்கு முன் சிறு இடத்தை வேலியடைத்து மூலிகையும் கீரையும் பூச்செடியும் கலந்து வளர்த்தார்கள். தென் மாநிலங்களின் ஆப்பிரிக்க அமெரிக்கக் குடும்பங்கள் முன்முற்றத்தில் ஒரு புல்லைக்கூட விடாமல் சுரண்டியெடுத்து, சுள்ளித் துடைப்பத்தால் வெறும் மண்ணைப் பெருக்கி வைத்தார்கள். பாம்பு வந்தால் தெரியும், நெருப்புப் பரவாது, வெளியே சமைக்கவும் துவைக்கவும் வசதி. இந்த வழக்கத்தின் வேரை மேற்கு ஆப்பிரிக்காவரை கொண்டுபோய்க் காட்டும் ஆய்வாளர்கள் உண்டு. ரிச்சர்ட் வெஸ்ட்மகாட் 1992இல் வெளியிட்ட நூலில் இத்தகைய முற்றங்கள் விரிவாகப் பதிவாகியிருக்கின்றன. விடிந்ததும் வாசல் பெருக்கும் வழக்கத்தை அறிந்த தமிழ் வாசகருக்கு இதில் விளக்க எதுவும் இல்லை. ஆனால் அமெரிக்கத் தோட்டக்கலையின் பொதுவரலாறு இந்த முற்றத்தை நெடுங்காலம் தோட்டமாகவே கணக்கில் எடுக்கவில்லை. புல் இல்லாவிட்டால் முற்றம் பராமரிக்கப்படவில்லை என்ற கணக்கு அதற்குள் நிலைத்துவிட்டது.

வேலி ஏன் இருந்தது என்பதுதான் இங்கே முக்கியமான கேள்வி. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அமெரிக்கச் சிறுநகரத் தெருக்களில் மாடும் பன்றியும் தாராளமாகத் திரிந்தன. மாட்டை அடைத்து வைப்பது மாட்டுக்காரன் பொறுப்பு அல்ல. பயிரைக் காக்க வேண்டுமானால் பயிர்க்காரன்தான் வேலி போட வேண்டும் என்று பல இடங்களில் சட்டமே சொன்னது. அந்த நிலையில் வேலியில்லாத முன்தோட்டம் என்பது மேய்ச்சல் நிலம் என்பதற்கு இன்னொரு பெயர். நகராட்சிகள் கால்நடையைத் தெருவிலிருந்து விரட்டிப் பட்டியில் அடைக்கத் தொடங்கிய பிறகே வேலியைப் பிடுங்குவது என்ற யோசனைக்கு இடம் வந்தது. 1853இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்டாக்பிரிட்ஜ் ஊரில் மேரி ஹாப்கின்ஸ் முன்னின்று தொடங்கிய லாரல் ஹில் சங்கத்தைப் பின்பற்றி ஊர் ஊராகக் கிராம மேம்பாட்டுச் சங்கங்கள் தோன்றின. மரம் நடுவதோடு, தேவையற்றுப்போன வேலிகளை அகற்றுவதும் அவற்றின் திட்டங்களில் சேர்ந்தது. திறந்த வாசலின் அழகைப் பற்றிய பேச்சு இதற்குப் பின்னால்தான் பெருகுகிறது.

இரண்டாவது தேவை எந்திரம். அரிவாளால் புல்லை ஒரே சீராக அறுப்பது தேர்ந்த கையின் வேலை. பலரைக் கூலிக்கு அமர்த்த முடிந்தவர்களுக்கே அது கட்டுப்படியானது. இங்கிலாந்தின் ஸ்ட்ரௌட் பகுதியில் கம்பளித் துணியின் மேற்பிசிறைச் சீவும் ஆலைக் கருவியைப் பார்த்து, அதே உருளைத் தத்துவத்தில் புல்வெட்டும் கருவியை உருவாக்கினார் எட்வின் பட்டிங். காப்புரிமை பெற்ற ஆண்டு 1830. சரியாக 40 ஆண்டு கழித்து, 1870இல், ஒஹையோ மாநிலத்தின் டொலீடோவைச் சேர்ந்த ஃபிராங்க் ஸ்காட் சிறிய புறநகர் மனைகளை அழகுபடுத்தும் கலையைப் பற்றி ஒரு பெரிய நூலை வெளியிட்டார். ஒட்ட வெட்டிய புல்தரைதான் வீட்டு மனையின் அழகுக்கு அடிப்படை என்பது அவர் கட்சி. தன் தோட்டத்தை அண்டை அயலார் கண்ணிலிருந்து வேலியாலோ புதராலோ மறைப்பது நல்ல அயலாருக்கும் நல்ல கிறித்தவருக்கும் அழகல்ல என்றும் அவர் எழுதினார். ஒரு தோட்டக் குறிப்பு அறநெறிப் போதனையாக உருமாறும் இடம் இது. அதன்பின் பக்கத்து வீட்டுக்காரன் புல்லை வெட்டாதது சோம்பல் மட்டுமல்ல, ஒழுக்கக்கேடும் ஆகிவிடுகிறது.

ஸ்காட்டின் நூல் வருவதற்கு முன்பே இதே எண்ணத்தைக் காகிதத்தில் ஏற்றியவர் ஃபிரெடெரிக் லா ஓம்ஸ்டெட். கால்வெர்ட் வாக்ஸுடன் சேர்ந்து சிகாகோவுக்கு அருகே ரிவர்சைடு புறநகரை வடிவமைத்தபோது, ஒவ்வொரு வீடும் தெருவிலிருந்து 30 அடி தள்ளியே இருக்க வேண்டும், தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவில் மரம் வளர்க்க வேண்டும், உயர்ந்த மதில் கூடாது என்ற நிபந்தனைகளை 1868–69 ஆண்டுகளில் அவர் முன்வைத்தார். நகரப் பூங்காவைப் படைத்தவர் என்பதால் தெரு முழுவதையும் ஒரு பூங்காவாகப் பார்த்தார். அதற்கு ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் நிலத்தில் ஒரு துண்டை இரவல் கொடுக்க வேண்டும். வரியும் பராமரிப்பும் அவருடையவை, பார்வை ஊருடையது. இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் அமெரிக்க முன்முற்றத்தின் உண்மையான அமைப்பு என்பது என் கருத்து.

இங்கே வலுவான ஒரு மறுப்பு உண்டு. புல்தரை இங்கிலாந்திலிருந்து வந்த ரசனை, பிரபுக்களின் பூங்காவைப் பார்த்து அமெரிக்கர் பழகிக்கொண்டது, இதில் சட்டத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். புல்லின் பூர்வீகத்தைப் பொறுத்தவரை இது சரிதான். கெண்டக்கி என்ற பெயரைத் தாங்கிய நீலப்புல்லே கடல் தாண்டி வந்தது. ஆனால் அந்த ரசனையின் தாய்நாட்டில் சாதாரண வீட்டு முன்பக்கத்தைப் பாருங்கள். இடுப்பளவு செங்கல் சுவரோ பச்சை வேலியோ, நடுவில் சிறு கதவோ இல்லாத முன்தோட்டம் அங்கே அபூர்வம். புல்லை விரும்பியவர்கள் அதை அடைத்து வைத்துக்கொண்டார்கள். ரசனை இரு நாட்டுக்கும் பொதுவாக இருந்தும் முகப்பு நேரெதிராக அமைந்ததென்றால், அந்த வேறுபாட்டை ரசனையால் விளக்க முடியாது. இன்னொரு மறுப்பு உயிரியலிலிருந்து வருகிறது. மனித இனம் ஆப்பிரிக்கப் புல்வெளியில் உருவானதால் திறந்த புல்லும் ஆங்காங்கே மரமும் நம் கண்ணுக்கு இயல்பாகவே பிடிக்கும் என்று கார்டன் ஓரியன்ஸ் போன்றவர்கள் வாதிட்டார்கள். இருக்கட்டும். அப்படியானால் அதே ஆப்பிரிக்காவிலிருந்து கடத்திவரப்பட்டவர்களின் வழிவந்தோர் முற்றத்துப் புல்லை வேரோடு பிடுங்கியதற்கு வேறு காரணம் தேட வேண்டும். எல்லோருக்கும் பொதுவான உந்துதல், ஒரு நாட்டின் ஒரு காலத்து வழக்கத்தை விளக்கப் போதாது.

சட்டத்தின் பங்குக்குச் சான்று வேண்டுமானால் 1927ஆம் ஆண்டின் கோரிப் எதிர் ஃபாக்ஸ் வழக்கைப் பார்க்கலாம். வர்ஜீனியாவின் ரோனோக் நகரம் 1924இல் ஒரு விதி செய்தது. ஒரு தெருத்துண்டில் ஏற்கெனவே நிற்கும் வீடுகளில் 60 சதவீதம் எவ்வளவு தள்ளி நிற்கின்றனவோ, புதிய கட்டடமும் குறைந்தது அவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்றது அந்த விதி. கடை கட்ட விரும்பிய மனைக்காரர் ஒருவர் உச்ச நீதிமன்றம்வரை போனார். காற்று, வெளிச்சம், தீயணைப்பு, போக்குவரத்துப் பாதுகாப்பு ஆகியவற்றுக்காக நகரம் இப்படிக் கோடு போடலாம் என்று தீர்ப்பாயிற்று. அதுவரை பத்திர நிபந்தனையாக இருந்த முன்வெளி அன்றுமுதல் அரசமைப்பின் அனுமதி பெற்ற ஒன்று. 1934இல் உருவான கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் கொடுக்கும்போது இத்தகைய கோடுகளையும் பத்திர நிபந்தனைகளையும் அக்கம்பக்கத்தின் மதிப்பைக் காப்பவையாக எண்ணியது. அதே பட்டியலில்தான் கறுப்பினத்தவருக்கு வீடு விற்கக் கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது. 1947இல் லாங் ஐலண்டில் எழும்பிய லெவிட்டவுனில் இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்தன. வேலி கூடாது, பருவ காலத்தில் வாரம் ஒருமுறை புல் வெட்ட வேண்டும், வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது. திறந்த முற்றம் சமத்துவத்தின் அடையாளம், ஏழையும் பணக்காரனும் ஒரே புல்லைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று பெருமை பேசுபவர்கள் லெவிட்டவுன் பத்திரத்தை ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

லெவிட்டவுன் எழுந்த இடம் உருளைக்கிழங்கு வயல், தட்டையான நிலம். ரிவர்சைடும் ஏறக்குறைய அப்படியே. வேலியில்லாப் புல்வாசலுக்கு முன்மாதிரிகளாக அமைந்தவை சமநிலத்து ஊர்கள். அந்த முன்மாதிரியை மேடு பள்ளமான ஊர்களுக்குக் கொண்டு போனபோதுதான் சிக்கல் தொடங்கியது. அந்தச் சரிவுகளில் பலவும் இயற்கையானவையே அல்ல. நகராட்சிகள் தெருவின் மட்டத்தைத் தாழ்த்தி வெட்டும்போது இருபுறத்து மனைகளும் மேட்டில் நின்றுபோயின. சியாட்டில் நகரின் டென்னி குன்றை 1898 முதல் 1930வரை கட்டம் கட்டமாக நீர்ப்பீரங்கிகளாலும் எந்திரங்களாலும் கரைத்துத் தள்ளினார்கள். சம்மதிக்காத சில மனைகள் மட்டும் மண்தூண்களின் உச்சியில் வீட்டோடு சிறிது காலம் நின்றன. அந்தத் தூண்களை வீம்பு மேடுகள் என்று ஊர் கேலி செய்தது. அவ்வளவு நாடகம் இல்லாமல், மூன்றடி நான்கடி உயரத்தில் தெருவோரம் நின்றுபோன மண்கரைகள் அமெரிக்க நகரங்களில் கணக்கில்லாமல் உண்டு. சியாட்டிலில் பலர் பாறைகளை அடுக்கி அந்தக் கரையைத் தாங்கினார்கள். பிற இடங்களில் செலவு குறைவு என்பதால் கரையின் மேல் புல்லையே போர்த்தினார்கள்.

புல்டோசர் வந்த பிறகு சரிவு இன்னும் பெருகியது. போருக்குப் பிந்தைய லாஸ் ஏஞ்சலஸில் குன்றுகளை வெட்டி, வெட்டிய மண்ணைப் பள்ளத்தில் கொட்டி, அதன்மேல் வீடு நிற்கத் தட்டையான தளம் அமைத்தார்கள். வீட்டுக்குத் தளம் சமமாயிற்று. அதன் விளைவான சரிவு முழுவதும் முன்பக்கமோ பின்பக்கமோ ஒதுங்கியது. 1952 ஜனவரி மழையில் அந்தக் கொட்டுமண் சேறாக இறங்கி வீடுகளுக்குள் புகுந்தது. அதே ஆண்டு அந்த நகரம் மண் வெட்டுவதையும் கொட்டுவதையும் கட்டுப்படுத்தும் விதியைக் கொண்டுவந்தது. அமெரிக்க நகரம் ஒன்று செய்த அத்தகைய முதல் விதி என்று அதைச் சொல்கிறார்கள். ஜெஃபர்சன் காலத்தில் சரிவை வெட்டியவர் அதன் முகத்துக்குக் கல்லும் அடுக்கினார். எந்திரக் காலத்தில் வெட்டுவது மலிந்தது, கல் அடுக்குவது மலியவில்லை. செடிகொடி அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியதாயிற்று.

புல்லுக்கு ஆதரவான சிறந்த வாதம் இங்கேதான் இருக்கிறது. அடர்ந்த புல் மண் அரிப்பைத் தடுக்கிறது என்பது உண்மை. வெறும் மண்ணைப் பெருக்கி வைக்கும் முற்றம் சரிவில் நிற்காது, முதல் பெருமழையிலேயே ஓடைகள் விழும். ஆகவே சரிவில் புல் இட்டவர்கள் முட்டாள்கள் அல்ல. ஆனால் ஒட்ட வெட்டிய புல்லின் வேர் ஆழம் போகாது, அதற்கு ஓயாத நீரும் வெட்டும் தேவை. மண்ணைப் பிடிக்கப் புல்லைவிடப் பொருத்தமான புதர்களும் படர்கொடிகளும் இருந்தும் அவற்றை முன்வாசலில் விடாமல் தடுத்தது தெருவின் ஒரேசீர்த் தோற்றம் என்ற விதிதான். அதே சமயம் புல்லை விட்டு விலகியவர்கள் எல்லாம் அறிவாளிகள் என்றும் சொல்லிவிட முடியாது. ஜப்பானிலிருந்து 1876 பிலடெல்பியா கண்காட்சிக்கு அலங்காரக் கொடியாக வந்த குட்சு, 1930களில் மண் பாதுகாப்புத் துறையின் செல்லப்பிள்ளையானது. எட்டரைக் கோடி நாற்றுகள் வழங்கப்பட்டன, நட்டவருக்கு ஏக்கருக்கு 8 டாலர்வரை உதவித்தொகையும் உண்டு. மரங்களையும் மின்கம்பங்களையும் அது மூடத் தொடங்கியதும் 1953இல் பரிந்துரைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். கொடியின் உண்மையான பரப்பைவிட அதன் கெட்ட பெயர் பெரிது. சாலையோரக் கரைகளில் படர்ந்திருப்பதால் காரில் போகிற எல்லோர் கண்ணிலும் அது படுகிறது. கலிபோர்னியாவில் நெடுஞ்சாலைக் கரைகளுக்குத் தென்னாப்பிரிக்கப் பனிச்செடியை நட்டார்கள். அதன் சதைப்பற்றான இலைகள் நீர் கோத்துக் கனத்து, மழையில் சில சரிவுகளைத் தாங்குவதற்குப் பதிலாகக் கீழே இழுத்தன. ஒரே செடியைச் சரிவு முழுக்க விரிக்கும் பழக்கம் புல்லிடமிருந்து கொடிக்கும் தொற்றிக்கொண்டது போலத் தோன்றுகிறது.

இன்று நிலை மாறுகிறது என்கிறார்கள். 2005இல் வெளியான ஓர் ஆய்வு செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு அமெரிக்கப் புல்தரையின் பரப்பைச் சுமார் 1,60,000 சதுர கிலோமீட்டர் என்று மதிப்பிட்டது. தமிழ்நாட்டைவிடப் பெரிய நிலம் அது. நீர் குறைந்த டென்வர் நகரின் குடிநீர்த் துறை 1981இலேயே வறட்சித் தோட்ட முறைக்குப் பெயர் சூட்டிப் பரப்பத் தொடங்கியது. வீட்டு மனைகளைத் தவிர்த்த பிற இடங்களில் வெறும் அலங்காரத்துக்காக வளர்க்கும் புல்லைக் கொலராடோ ஆற்று நீரால் வளர்க்கத் தெற்கு நெவாடாவில் தடைவிதித்து 2021இல் சட்டமே வந்தது. ரசனை மாறிவிட்டது என்று இதைப் படிப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. புல்லை நிலைநிறுத்தியது எப்படிச் சட்டமோ, அகற்றுவதும் அப்படியே சட்டம்தான். ஃபுளோரிடாவின் மயாமி ஷோர்ஸ் கிராமத்தில் ஒரு தம்பதி பல ஆண்டுகளாக முன்வாசலில் காய்கறி வளர்த்துவந்தார்கள். 2013இல் திருத்தப்பட்ட விதி காய்கறித் தோட்டம் பின்பக்கம் மட்டுமே என்றது. நாளொன்றுக்கு அபராதம் என்ற மிரட்டலில் அவர்கள் செடிகளைப் பிடுங்கினார்கள், நீதிமன்றத்திலும் தோற்றார்கள். 2019இல் மாநிலச் சட்டமன்றம் தலையிட்டு, ஊராட்சிகள் இப்படித் தடுக்கக் கூடாது என்று சட்டம் செய்த பிறகே கீரையும் வெங்காயமும் வாசலுக்குத் திரும்பின. ரசனை மட்டும் போதுமாக இருந்திருந்தால் அவர்கள் விதையோடு நின்றிருக்கலாம், வழக்கறிஞர் தேவைப்பட்டிருக்காது.

சரிவான வாசல்களில் விதிகள் இன்னொரு வேடிக்கையையும் செய்கின்றன. நாடு முழுவதும் பல ஊர்கள் பின்பற்றும் மாதிரிக் கட்டட விதியில், அடித்தளத்தின் கீழ்விளிம்பிலிருந்து நான்கடிக்கு உட்பட்ட தாங்குசுவருக்குப் பொதுவாக அனுமதி வாங்க வேண்டியதில்லை. அதற்கு மேல் போனால் வரைபடம், பொறியாளர், கட்டணம் எல்லாம் உண்டு. எட்டடி உயர வித்தியாசமுள்ள மனைக்காரர் என்ன செய்கிறார் என்றால், ஒரே உயரமான சுவரைத் தவிர்த்துச் சரிவை மூன்று தாழ்ந்த சுவர்களாகப் பிரித்து, நடுவில் சில அடி அகலத்துக்குத் தளம் விட்டு, அங்கே புதரோ மூலிகையோ நடுகிறார். இரண்டு சுவர்கள் மிக நெருங்கி நின்றால் அவற்றை ஒரே சுவராகக் கணக்கிடும் ஊர்களும் உண்டு. அங்கெல்லாம் தளத்தை இன்னும் அகலமாக விட வேண்டியிருக்கிறது, அகலமான தளத்தில் காய்கறியும் வளரும்.